வெயில் இல்லாத நாளில் பத்துமணிச் செடி

என் பெயர் எபி. முழுப்பெயர் எபினேசர். வயது இருபத்திரண்டு. கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வாசலில், செருப்பு கழற்றிப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் போனை வீட்டில் யார் முதலில் எடுப்பீர்கள் என்று தெரியாது, அதனால்தான் பெயரிலிருந்து சொல்கிறேன். எழுத்தைத் தொட்டுத் தொட்டு எழுதினால் நேரம் ஆகும். நான் வாயால் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. குரலாகவே பேசி அனுப்பியிருக்கலாம். என் குரல் இப்போது இருக்கிற லட்சணத்தில் அம்மா கேட்டால் தாங்கமாட்டாள்.

முதலில் ஒன்று. எனக்கு உடம்புக்கு எதுவும் இல்லை. உள்ளே படுத்திருப்பது ஏஞ்சல் அக்கா. நான் மாடி அறையில் குடியிருக்கிறேனே, அந்த வீட்டுக்காரர்களின் மகள். ஏழு மாசம். பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கிறார்கள். நான் வளர்த்த செடியைக் கீரை என்று சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அதில் நான் இன்று காலையில்தான் பூச்சிமருந்து அடித்திருந்தேன்.

கோர்வையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நர்சரி வேங்கைவாசல் போகிற ரோட்டில் இருப்பது நம் வீட்டில் டெபோரா அக்காவுக்குத் தெரியும். முதலாளி சௌகத் அலி பாய். அங்கே பத்துமணிச் செடி என்று ஒன்று விற்கிறோம். டேபிள் ரோஸ் குடும்பம்தான், ஆனால் இந்த ரகத்துக்கு ஊசி இலை கிடையாது. தடித்த, நீர் கோத்த, நுனி உருண்ட இலை. தொங்கும் தொட்டியில் வைத்தால் தண்டு விளிம்பைத் தாண்டி வழிந்து கீழே இறங்கும். விரல் நீளம் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் செருகினால் வேர் விட்டுவிடும். தண்ணீர் கூடினால்தான் அழுகிச் சாகும். மண் காய்ந்து தொட்டி கனம் குறைந்த பிறகு ஊற்றினால் போதும்.

"உங்க ஊர் ஆளுங்க மாதிரிபா இது. தண்ணியே வாணாம், வெயில் கீதான்னு மட்டும்தான் கேக்கும்" என்று நம் ஊர் வறட்சியை வைத்துப் பாய் என்னைக் கிண்டல் செய்வார்.

உண்மைதான். வெயில் ஏறினால்தான் பூ விரியும். ராணி கலர், மஞ்சள், வெள்ளை. மதியம் சாய்ந்தால் சுருண்டுவிடும். நர்சரியில் நுனி கிள்ளிப் போடுகிற தண்டுகளைக் குப்பைக்கு அனுப்பாமல் நான் மாடிக்குக் கொண்டுவந்து தொட்டி தொட்டியாக வைத்தேன். துணி காயப்போடும் இரும்புக் குழாயில் வரிசையாகத் தொங்கவிட்டேன். வீட்டுக்கார அம்மா செல்வமேரி அக்கா, துணிமேல் சொட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி என்று விட்டுவிட்டார். முட்டிவலி, அதிகம் மாடி ஏறமாட்டார். துணியெல்லாம் செல்வமேரி அக்காவின் வீட்டுக்காரர் ஏசுபாதம் அண்ணன்தான் எடுத்துவருவார். அவர் ஆட்டோ ஓட்டுகிறார்.

போன வாரம் இலை இடுக்கில் பஞ்சு ஒட்டினதுபோல மாவுப்பூச்சி வந்தது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். மறுபடி வந்தது. தண்டெல்லாம் பிசுபிசுத்து, எறும்பு ஏற ஆரம்பித்தது. இத்தனை நாள் வளர்த்தது எல்லாம் போய்விடும்போல இருந்தது. நர்சரியில் உள் அலமாரியில் இரண்டு கேன் பூச்சிமருந்து இருக்கும். நேற்று அங்கே கரண்ட் இல்லாத நேரத்தில் கைக்கு வந்த கேனிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தேன். பாயிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். எந்தக் கேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இன்று ஞாயிறு. கீழ்வீட்டில் எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். நான் மொட்டையும் பூவையும் எல்லாம் கிள்ளி எறிந்தேன், அதற்குள்ளும் பூச்சி இருந்ததால். பிறகு மருந்தைத் தண்ணீரில் கலந்து, தெளிப்பானால் இலைக்கு மேலும் கீழும் சொட்டச் சொட்ட அடித்தேன். வேலைக்குக் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை என்பது ஒன்று. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம்.

அதன்பிறகு வானம் மூடிக்கொண்டது. மழை வரும்போல இருந்ததால் செல்வமேரி அக்கா துணி எடுக்க மாடி ஏறியிருக்கிறார். குழாய் நிறையப் பச்சைப்பசேல் என்று இலை. ஒரு பூகூட இல்லை. பூ இல்லாவிட்டால் அந்தச் செடி அப்படியே பருப்புக்கீரைதான். அதே சிவந்த தண்டு, அதே இலை. மகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, தினம் கீரை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். போய்க் கத்தி எடுத்துவந்து அறுத்திருக்கிறார்.

மழைக்கு ஆள் வராது என்று பாய் என்னை மதியமே அனுப்பிவிட்டார். நேராக மாடிக்குப் போனேன். தொட்டியில் எல்லாம் கட்டைத் தண்டு மட்டும் நின்றது. மாடோ ஆடோ மாடிக்கு எப்படி ஏறும் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனால் ஒரே அளவாக அறுத்திருந்தது. படிக்கட்டு வழியாகப் பூண்டு தாளித்த வாசனை வந்தது. பருப்போடு சேர்ந்த வாசனை.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஏஞ்சல் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தட்டை வயிற்றுக்கு மேலே வைத்துக்கொண்டு, பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோனார்கள். என் கை போய்த் தட்டைத் தட்டிவிட்டது. தட்டு சுவரில் அடித்து, பச்சையாக வழிந்தது.

ஏசுபாதம் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். அறைந்தார். காது அடைத்துக்கொண்டது.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு சாப்ட்டுகினு கீது, தட்டத் தட்டி வுடறியா? இன்னா, குட்ச்சிட்டு வந்துகிறியா?"

"அது கீரை இல்லண்ணே. என் செடி. காலைல பூச்சிமருந்து அடிச்சிருக்கேன்."

அவர் கை என் சட்டையிலேயே இருந்தது, பிடி மட்டும் விட்டுப்போனது. செல்வமேரி அக்கா கரண்டியோடு வந்து நின்றார். பருப்புக்கீரை எனக்குத் தெரியாதா, மஞ்சள் தண்ணீரில் நன்றாக அலசித்தானே போட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரும் உப்புப் பார்க்க ஒரு வாய் தின்றிருந்தார். ஏஞ்சல் அக்கா மூன்று நான்கு வாய் தின்றிருந்தார்கள். அண்ணன் மட்டும் இன்னும் சாப்பிட உட்காரவில்லை.

ஏஞ்சல் அக்கா அழவில்லை. கத்தவும் இல்லை. சோற்றுக் கையைத் தனியாக நீட்டிக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"எபி, கொழந்தைக்கு எதுனா ஆவுமா?"



உப்புத்தண்ணீர் கலக்கி வாந்தி எடுக்க வைக்கலாம் என்று செல்வமேரி அக்கா ஓடினார். ஏஞ்சல் அக்கா குடிக்க மறுத்துவிட்டார்கள். அது நல்லதாயிற்று, வாந்தி எடுக்க வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆட்டோவில் நான் அண்ணனுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். கேம்ப் ரோட்டில் தண்ணீர் தேங்கி, பஸ் ஒவ்வொன்றும் எங்கள்மேல் இறைத்துவிட்டுப் போனது. ஏஞ்சல் அக்கா அடிக்கடி வெளியே துப்பினார்கள். துப்புகிற ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்தேன். நம் ஊரில் பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு வாயில் நுரை தள்ள ஒருவரை வேனில் ஏற்றினார்களே, அதுதான் கண்ணுக்குள் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி மருந்தின் பெயர் கேட்டார். தெரியாது என்றேன்.

"பேர் தெரியாமலேயே அடிச்சியா?" என்றார். திட்டவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வகை மருந்தாக இருந்தால் பக்கத்திலேயே இருந்து கண்காணிக்க வேண்டும், அறிகுறி வந்த நிமிஷமே ஊசி போட வேண்டும். இன்னொரு வகையாக இருந்தால் இந்த அளவுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. எது என்று தெரிந்தால் அதற்குத் தயாராகலாம் என்றார்.

பாய்க்குப் போன் போட்டேன். கர்ப்பிணி சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"தண்ணில ஊத்துனதும் பால் மாதிரி வெளுத்துச்சா, இல்ல தண்ணி மாதிரியே இருந்துச்சா? யோசிச்சு சொல்லு தம்பி. பால்னா, பேஜாரு அதுலதான்."

எனக்கு ஞாபகம் இல்லை. காலையில் என் கையால் ஊற்றியதுதான். கண்ணை மூடினால் தொட்டிகள் தெரிகின்றன, எறும்பு தெரிகிறது, தண்ணீரின் நிறம் மட்டும் தெரியவில்லை. எதிரே ஏசுபாதம் அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணி மாதிரிதான் இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் எல்லோருக்கும் மூச்சு வந்திருக்கும். எனக்கும்தான். தெரியவில்லை, தெளிப்பானில் மிச்சம் இருக்கும், போய் எடுத்து வருகிறேன் என்றேன்.

வீடு அங்கிருந்து இரண்டு தெரு. மழையில் ஓடினேன். தெளிப்பான் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. கர்த்தாவே, கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டே குலுக்கினேன். உள்ளே பால் மாதிரி வெள்ளையாகச் சுழன்றது.

திரும்பி வரும்போது பாய் ஸ்கூட்டரில் நனைந்து வந்து நின்றார். கேனை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தார். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். உடனே உள்ளே ஆட்கள் நடக்கும் வேகம் மாறிவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து வெளியே வந்துவிட்டேன். அப்படியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு வெளியே வரைக்கும் ஒரு சத்தம் கேட்டது. தையல் மிஷினை யாரோ விடாமல் மிதிப்பதுபோல, கடகடவென்று. குழந்தையின் இதயத் துடிப்பு என்றார்கள். அவ்வளவு வேகமாக அடித்தால் ஏதோ ஆகிவிட்டது என்று நான் எழுந்து ஓடினேன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்படித்தான் அடிக்கும், போய் உட்காரு என்று நர்ஸ் சொன்னார்.

இப்போதைக்கு ஏஞ்சல் அக்கா பேசுகிறார்கள். கண்ணில் மாற்றம் இல்லை, மூச்சில் மாற்றம் இல்லை. அலசி, வேகவைத்து, கொஞ்சமாகத் தின்றதால் தப்பலாம் என்கிறார் டாக்டர். ஆனால் இந்த மருந்து தாமதமாகவும் வேலையைக் காட்டும், நாளைக் காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்கிறார். தப்பலாம் என்றுதான் சொன்னார். தப்பிவிட்டார் என்று சொல்லவில்லை. செல்வமேரி அக்காவையும் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நான் எட்டிப் பார்த்தபோது, என் கையால்தானே அறுத்தேன் என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

சற்று முன்னால் ஏசுபாதம் அண்ணன் வெளியே வந்தார். அறைவார் என்று நினைத்துக் கையை முகத்துக்குக் கொண்டுபோனேன். அறையவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"மாப்ள ஓசூர்லேர்ந்து வந்துகினு கீறாரு. கோவக்காரரு. அவராண்ட நான் இன்னான்னு சொல்றது? நீ தனியா நின்னா நல்லா இருக்காது. உங்க வூட்லேர்ந்து பெரியவங்க யாருனா வரச் சொல்லு."

மிரட்டுகிறாரா, எனக்காகத்தான் சொல்கிறாரா என்று அவர் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. போலீசுக்குப் போவீர்களா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பாய் நாளை வரை கூடவே இருக்கிறேன் என்கிறார். ஆனால் அவர் முதலாளி, கேன் அவருடையது. பேச்சு வளர்ந்தால் அவரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். எனக்கென்று இங்கே ஒருவரும் இல்லை. உள்ளே கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

இதைப் படிப்பது யாராக இருந்தாலும், உடனே அப்பாவிடமோ அத்தானிடமோ சொல்லுங்கள். இன்று ராத்திரி ரயிலில் யாராவது ஒருவர் ஏறி வாருங்கள். முன்பதிவு இல்லாவிட்டாலும் பொதுப் பெட்டியில் வாருங்கள். வண்டி தாம்பரத்தில் நிற்கும். இறங்கிக் கிழக்குப் பக்கம் வெளியே வந்து எனக்குப் போன் செய்யுங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன். என்னோடு வந்து அவர்கள் முன்னால் நில்லுங்கள்.