சலவைக்குப் போன இறகு

மக்பல் செய்த காரியத்தை எதிரி கூடச் செய்யமாட்டான். குழந்தையின் தொப்பியை அழுக்குத் துணியோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். அதன் உச்சியில் கொம்பன் ஆந்தையின் இறகு இருந்தது மெஷின் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாத்தனார் பாதீஷா தன் மூன்று பிள்ளைகளையும் கண்படாமல் காத்த இறகு என்று தன் கையாலேயே தைத்துக் கொடுத்தது. மிஞ்சியது ஒரு மொட்டைக் காம்பு. பாதீஷாவோ அன்று மாலை ரயிலில் அல்மாத்திக்கு வருகிறாள்.

"பஜார்ல ஒண்ணு வாங்கிடேன்," என்றான் கணவன் யெர்கென் போனில்.

"அங்க விக்கிறதெல்லாம் சாயம் போட்ட வான்கோழி இறகு. உங்க அக்கா கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?"

குப்பையைக் கொட்டக் கீழே இறங்கினாள். முற்றத்துப் பைன் மரத்தில் காக்கைகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ஒராஸ் பனியில் விரித்த கம்பளத்தைத் தூசி போக மட்டையால் அடிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்.

"மெதுவா வா மக்பல். மேல பாரு."

அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருந்தது. மலையில் கிடக்க வேண்டிய பறவை, கார்கள் நிற்கும் முற்றத்தில்! மக்பலுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கதையைக் கொட்டினாள்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? என் மட்டையால ஒரு போடு போட்டா இறகு தானா உதிரும்."

"கைய வெச்சுப் பாருங்கண்ணே, உங்க கம்பளம் ரோட்டுல கிடக்கும். அடிச்சுப் பிடுங்கின இறகு என் பிள்ளைய எப்படிக் காக்கும்?"

அப்போது ஒரு காக்கை பாய்ந்து ஆந்தையின் வாலைக் கொத்தி இழுத்தது. 'இன்னொரு இழுப்பு இழுத்தால் இறகு விழுந்துவிடும்' என்று மக்பலின் மனம் ஆசைப்பட்டது. மனிதர் அடித்தால்தான் பாவம், காக்கை பிடுங்கினால் பாவமில்லை என்று கணக்கும் போட்டது. ஆந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. பனியை உருட்டிக் காக்கைகளின் மேல் எறிய ஆரம்பித்தாள். ஒராஸும் சேர்ந்துகொண்டார். கடைசிக் காக்கையும் பறந்தபோது கை விறைத்திருந்தது. இறகு ஒன்றுகூட விழவில்லை.

பாதீஷா டாக்ஸியை விட்டு இறங்கும்போது மக்பல் குழந்தையோடு வாசலில் நின்றாள். நலம் விசாரிப்பதற்கு முன்பே உளறிவிட்டாள்.

"அண்ணி, இறகைத் துவைச்சுட்டேன். காம்பு மட்டும்தான் மிச்சம்."

"துவைச்சுட்டியா? உனக்கு மூளைன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்த பாதீஷாவின் கண் மரத்து ஆந்தைமேல் விழுந்தது.

"எப்ப வந்துச்சு?"

"மதியமே. காக்காய் அதைக் கொத்திப் பிடுங்கிச்சு. இவதான் கை விறைக்க விறைக்க விரட்டினா," என்றார் ஒராஸ்.

பாதீஷா குழந்தையை வாங்கி மரத்தடிக்குப் போனாள். ஆந்தை செம்மஞ்சள் கண்ணைத் திறந்து கீழே பார்த்தது. குழந்தை கையை நீட்டிச் சிரித்தது. பிறகு ஆந்தை சத்தமே இல்லாமல் கூரைகளைத் தாண்டி மலைப்பக்கம் போய்விட்டது.

"ஒரு இறகு போச்சுன்னு ஆளே நேர்ல வந்து பாத்துட்டுப் போயிருக்கு," என்றாள் பாதீஷா. "அந்தக் காம்பை எடுத்துட்டு வா, அதையே தைக்கிறேன். துவைச்சதுக்குத் திட்டு நாளைக்கு இருக்கு."

மக்பல் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினாள்.