பதினேழு பேரை அடித்த படகு

அந்தப் பந்தயப் படகு பதினேழு பேரை அடித்தது, ஒருவரைக் கொன்றது. உதிர்ந்த பற்களை மட்டும் சேர்த்தால் ஒரு வாளி நிறையும்.

தொண்ணூறு வருஷத்துக்கு முன் கட்டிய தேக்குப் படகு. அறுபது பந்தயம் ஜெயித்தும் யார்மேலும் ஒரு கீறல் போட்டதில்லை. படகுத் தச்சர் ஒருவருடைய தங்கை புருஷன் அதை வாங்கிய மூன்றாம் மாதம்தான் கை நீட்ட ஆரம்பித்தது. கயிறுகள் கன்னத்தில் அறைந்தன. அறை வாங்கிக்கொண்டே மச்சான் ஒன்பது கோப்பை ஜெயித்தார். பத்தாவது பந்தயத்தில், காற்றே இல்லாத வேளையில், பாயின் அடியில் கிடக்கும் நீளக் கட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அவர் மண்டையைப் பிளந்தது. தொப்பி பறந்து எல்லைக்கோட்டை முதலில் தாண்டியதால், ஜெயித்தது தொப்பிதான் என்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள்.

படகு கிடந்த தச்சர் பட்டறைக்குத் தங்கை கோடரியோடு வந்தாள்.

"தள்ளு அண்ணே. இதைச் சுள்ளி சுள்ளியா வெட்டாம எனக்குச் சோறு இறங்காது."

"இருடி. இது சும்மா அடிக்கிற படகு இல்ல. முழுசாப் பிரிச்சுச் செப்பனிட்டுப் பாக்குறேன். காரணம் தெரியலைன்னா நானே வெட்டித் தர்றேன்."

"அதுக்குள்ள உன்னையும் கொன்னுட்டா? எனக்குன்னு யாரு இருக்கா?"

"கோடரி இருக்கே!"

அழுகிய பலகை ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் தச்சர் ஓர் உதை வாங்கினார். இழைப்புளி போட்டால் சீவல் சாட்டையாகச் சுருண்டு முதுகை உரித்தது. வர்ணம் அடிக்க வந்தவர் ஒரே உதையில் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்து பக்கத்துச் சலவைக்கடைக் கொடியில் தொங்கினார். அங்கே அவரையும் தேய்த்து மடித்துத்தான் திருப்பி அனுப்பினார்கள். தச்சருக்கு நாலு விலா எலும்பும் இடது காதும் போயின. காதை மரப்பசை தடவி ஒட்டி, இறுக்கிக் கட்டி, காய்ந்ததும் வேலையைத் தொடர்ந்தார்.

கடைசியாக அடிப்பாகத்தைச் சுரண்டினார். படகு கவிழாமல் பிடித்து நிறுத்தும் ஈயக்கட்டி அங்கேதான் இருக்க வேண்டும். வர்ணத்துக்குக் கீழே பாதி ஈயத்தைக் காணோம். அந்த இடத்தில் மரத்தூளும் பசையும் அடைத்துக் கிடந்தன. அதற்குள் ஒரு முறிந்த ரம்பம். மச்சான் இரவல் வாங்கிப் போய், தொலைந்துவிட்டது என்று தச்சரின் தலையிலடித்துச் சத்தியம் செய்த அதே ரம்பம்.

தங்கை அந்த ஓட்டைக்குள் கையை விட்டு நெடுநேரம் தடவினாள்.

"வேகத்துக்காக வயித்தையே அறுத்திருக்காரே, பாவி மனுஷன்" என்றாள். பிறகு படகைப் பார்த்து, "வலிச்சா அடி, வேணாங்கல. அதுக்குன்னு ஆளையே கொல்லுவியா?" என்றாள்.

வீட்டுக்குப் போய் ஒன்பது கோப்பைகளையும் சாக்கில் அள்ளி வந்தாள். வெள்ளி முலாமுக்கு உள்ளே எல்லாம் ஈயம்தான். உருக்கி ஊற்றியதில் ஓட்டை துளி மிச்சமில்லாமல் நிரம்பியது. படகு விட்ட பெருமூச்சில் தெருவில் இருந்த ஜன்னல்கள் அத்தனையும் கழன்று விழுந்தன.

தண்ணீரில் இறக்கிய அன்று கட்டை மெல்லத் திரும்பி அவள் முன் தலைகுனிந்து நின்றது. அவள் கோடரியின் பின்பக்கத்தால் ஓங்கி ஒன்று போட்டாள். படகு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவள் முன்பல்லில் ஒன்றை எடுத்தது. இரண்டு பேருக்கும் மனம் ஆறியது.

இன்றுவரை அவள்தான் அதை ஓட்டுகிறாள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அவள் ஒன்று போடுவாள், அது ஒன்று போடும். அந்த இரண்டு சத்தமும் கேட்காமல் துவக்கத் துப்பாக்கியைச் சுடக் கூடாது என்று பந்தயக் குழு விதிப்புத்தகத்தில் சேர்த்துவிட்டது. தச்சர் பசை டப்பாவோடு கரையில் நிற்பார்.