மீன்பெட்டிச் சுவர்

மே மாதச் செபமாலையில் அன்று எங்கள் வீட்டு முறை. மாதா சொரூபம் வீடு வீடாகச் சுற்றி, இந்த வெளிநாட்டு நகரத்துக் கபோ சந்தைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் அறைக்கு வந்திருந்தது. செபம் சொல்லிக்கொடுக்கும் லூர்து அண்ணர் கண்ணை மூடி மூன்றாவது தேவ இரகசியத்தைத் தொடங்கிய நேரம், நான் கட்டிய சுவர் அவருடைய முதுகில் விழுந்தது.

சுவர் என்றால் கல் இல்லை. மீன்பெட்டி.

கல்லுச்சுவர் அதற்குப் பின்னால் பத்திரமாக நின்றது. ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு, எத்தனை தலைமுறைக்கு முந்தியதோ தெரியாது. கோடையில் சொர்க்கம், மாரியில் குளிர்சாதனப்பெட்டி. டிசம்பரில் எட்டு வயது மகள் ஜூலி கையிலும் காலுறை மாட்டிக்கொண்டு படுத்ததைப் பார்த்த அன்றே நான் என்ஜினியர் ஆனேன். அதுவரை அலுவலகங்களில் நிலம் துடைப்பவன். சந்தையில் எறிகிற வெள்ளை றெஜிபோம் நுரை மீன்பெட்டிகளைப் பொறுக்கி, வினாகிரியில் கழுவி, தட்டையாக வெட்டிச் சுவர் முழுக்க ஒட்டினேன். இடுக்கெல்லாம் சிலிக்கோன். மேலே தண்ணீர் புகாத பெயின்ற், இரண்டு பூச்சு. "ஒரு சொட்டும் உள்ளே வராது" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டினேன்.

அது இப்போது லூர்து அண்ணரின் தோளில் தூளாகக் கிடந்தது. மனிதர் பெரிய ஆள்தான். ஒரு அருள்நிறை மந்திரத்தையும் விடாமல் சொல்லி முடித்தார். மற்றவர்கள் கண்ணெல்லாம் சுவரில். பெட்டி இருந்த இடம் முழுக்க ஈரம். ஈரம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம்.

என் மனைவி றோசமலர் ஏசினால் எனக்குப் பயமில்லை, அது பழகின மழை. அவள் ஏசவில்லை. சுவரைப் பார்த்தாள், பிறகு ஜூலியைப் பார்த்தாள். பெப்ரவரியில் தொடங்கிய இருமல். சந்தைத் தூசி என்று நான்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அடுத்தநாள் ஜூலி நகரின் அடுத்த பக்கம், பிரான்காச்சோவில் பெரியம்மா அருள்நாயகி வீட்டுக்குப் போனாள். அந்தக் கட்டடத்திலேயே ஒரு வீடு செப்டம்பரில் காலியாகிறதாம். பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ஜூலி இஞ்சை வருவதா, நாங்கள் மூட்டை கட்டி அங்கை போவதா.

"எப்ப கூட்டிக்கொண்டு வாறாய்?" என்று றோசமலரைக் கேட்டேன்.

"பாப்பம்."

எங்கள் ஆட்களின் 'பாப்பம்' ஒரு தனி வாக்கு. ஓம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம், இந்தச் சென்மத்தில் கேளாதே என்றும் அர்த்தம். வீட்டுக்காரச் சின்யோராவிடம் கேட்டால் "வெதியாமோ" என்றாள். இவர்கள் பாஷையில் அதுவும் அதே பாப்பம்தான். டொக்டரும் அதையே சொன்னார்.

பிறகு பிரசாந்தினி வந்தாள். பழைய தேவாலயங்களுக்குச் சுண்ணாம்பு பூசும் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை. பூஞ்சணத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அண்ணை, இதை ஆர் ஒட்டினது?"

"தெரிஞ்ச ஒராள்."

"அவரைக் கண்டால் கேளுங்கோ, சுடுசோத்தை மூடி வைச்சால் மூடி வேர்க்குமெண்டு வீட்டிலை ஒருத்தரும் சொல்லேல்லையோ எண்டு. அறைக்குள்ளை இருக்கிற ஆவி பெட்டிக்குப் பின்னாலை போய், குளிர்ந்த கல்லிலை பட்டுத் தண்ணியாகுது. வெளியிலையும் கூரைப் பீலி உடைஞ்சு மழைத்தண்ணி சுவரிலை ஊத்துது. இந்தக் கல்லு தண்ணியைக் குடிக்கும், பிறகு தானே விட்டிடும். நீங்கள் விடவிடேல்லை."

"நானில்லை, அந்த ஆள்."

"ஓமோம், அந்த ஆள்."

முதலில் பீலி. சின்யோராவின் வாசலில் நான் மூன்று நாள் தொடர்ந்து நின்றதில் அது சரியானது. பிறகு மிச்சம் ஒட்டியிருந்த பெட்டியையும் சிலிக்கோனையும் என் அருமைப் பெயின்றையும் நானே சுரண்டி எடுத்தேன். பூச ஒரு பின்னேரம், சுரண்ட ஒன்பது. பிறகு காத்திருப்பு. யூன், யூலை, ஓகஸ்ட் மூன்று மாதமும் யன்னல் திறந்தபடி. ஒவ்வொரு பின்னேரமும் பஸ் ஏறிப் போய் ஜூலியைப் பார்ப்பேன். "பப்பா, சுவர் காய்ஞ்சிட்டுதோ?" என்பாள். திரும்பி வந்து கையை வைத்துப் பார்ப்பேன்.

"இண்டைக்கு நல்லாக் காய்ஞ்சிட்டுது, தங்கச்சி" என்பேன் பிரசாந்தினியிடம்.

அவள் ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்துச் சொல்வாள்: "காய்ஞ்சது உங்கடை கை, அண்ணை."

ஓகஸ்ட் கடைசியில் கருவி சம்மதித்தது. தக்கைத் தூள் கலந்த சுண்ணாம்பு, பூச்சுக்குப் பூச்சு காயவிட்டு, நாலு விரல் தடிப்பில் ஏறியது. குழைத்தது நான், பூசியது அவள். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை.

"குளிர் குறையும், முழுக்கப் போகாது. உடுப்பை உள்ளுக்கை காயப்போடாதேங்கோ. சோறு வடிக்கேக்கை யன்னலைத் திறவுங்கோ."

"அப்ப ஜூலி வரலாம்தானே?"

"முதல் மழை பெய்யட்டும், அண்ணை. பாப்பம்."

நீயுமா என்று நினைத்தேன்.

செப்டம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்க இருந்தது. அதற்கு முந்திய வியாழன் இரவும் பகலும் மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை பிரசாந்தினி கருவியை வைத்தாள். முந்திய கிழமை காட்டிய அதே எண். கருவியை றோசமலரின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

றோசமலர் தானே நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு கன்னத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"றோசமலர், பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதை. பிள்ளைக்கு இருமல் வந்தது என்னாலையோ? அவள் இனி இஞ்சை வருவாளோ?"

அவள் திரும்பினாள்.

"ஓம், உங்களாலைதான். நேற்றைய மழைக்கும் சுவர் நனையேல்லை, பிரான்காச்சோ வீடு வேண்டாமெண்டு காலமை அக்காட்டைச் சொல்லிட்டன். நாளைக்குப் பின்னேரம் ஜூலியைக் கூட்டிக்கொண்டு வாறன்."