என் பெயரில் அவள் படம்

நெஞ்சைப் படம் பிடிக்கிற வேன் வரப்போகிறது என்று தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரஸர் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மாதமாக விடாத இருமல். ரப்பர் மரம் சீவும்போது இருமல், கஞ்சி குடிக்கும்போது இருமல். போன வருஷம் பக்கத்து வீட்டு முத்தாயியை இப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். மறுமாதமே அவள் புருஷனையும் பிள்ளைகளையும் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள்; அவள் வீட்டில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டியது. ஆறு மாதக் கைப்பிள்ளையோடு நான் எங்கே போவேன்?

டிரஸருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "முந்தி மாதிரி முதுகத் தட்டிப் பாக்கறது, சளியப் புடிச்சி அனுப்பிட்டுக் காத்துக் கெடக்கறது ஒண்ணும் வேணாம்லா. ஊசி கெடையாது, வலி கெடையாது. நின்னு மூச்சப் புடிச்சா போதும், நெஞ்சுக்குள்ள இருக்கறது அப்படியே படத்துல வந்துடும்."

என் பயமே அதுதானே! உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கட்டும் என்றல்லவா நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இருமுகிறவர்களுக்கு மட்டும்தான் படம். பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, வராதவளுக்காகப் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பது எங்கள் தோட்டத்தில் வழக்கம். பெயர் கூப்பிடும் மண்டோரும் கண்டுகொள்ள மாட்டார். அந்தத் துணிச்சலில் என் நாத்தனார் பஞ்சாலையிடம் கேட்டேன். என் புருஷன் மாயாண்டிக்கு ஒரே தங்கை, இருபது வயது. தோளில் காண்டாக் கம்பு போட்டு இரு பக்கமும் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் ஓடுகிறவள். ஒரு தும்மல்கூட வந்து நான் பார்த்ததில்லை.

"எம் பேர்ல நீ போயி நிக்கிறியாடி?"

"இவ்ளோதானா அண்ணி? கார்டக் குடுங்க."

என் அடையாளக் கார்டை வாங்கிக்கொண்டு, தலைத்துண்டை நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். உள்ளே இருந்தவன் கார்டில் இருந்த முகத்தைப் பார்த்தானோ இல்லையோ, இரண்டு நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். "கூசக்கூட இல்ல அண்ணி. சும்மா ஒரு பலகைல சாஞ்சி நின்ன மாதிரிதான்."

எட்டாம் நாள் டிரஸர் என் வாசலுக்கு வந்தார். "வள்ளியம்மா, ஒன் வலது நுரையீரல்ல, மேல, ஒரு நிழல் தெரியுது. காசநோயோட ஆரம்பம். பயப்படாத. இப்பவே கண்டுபுடிச்சதால மருந்துல சரியாயிடும். இந்தப் படம் மட்டும் இல்லன்னா ரத்தம் கக்கினப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். திங்கக்கெழம சிரம்பானுக்குப் போகணும்."

நான் திகைத்து நின்றேன். அந்த வேனில் நான் ஏறவே இல்லையே!

பஞ்சாலையிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மிஷினுக்குக் கிறுக்கு அண்ணி. எனக்கு என்ன கேடு?" நான் சிரிக்கவில்லை என்றதும் அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லிடாதீங்க. தையில கல்யாணம். ரஹாங்ல இருக்கற மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு."

சொல்ல எனக்கு மட்டும் என்ன தைரியம் இருந்தது? மலாயா முழுக்க அவசரகாலச் சட்டம். நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி. கேட்டில் நின்று சோற்றுப் பொட்டலத்தைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். அடுத்தவள் கார்டில் ஆள் மாறி நின்றது தெரிந்தால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளோடு முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள். மாயாண்டியிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் லயமே கேட்கக் கத்துவான்.

திங்கட்கிழமைவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுகிறாளே, எத்தனை நாளாக? ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடக்கிறதே, எப்போதிலிருந்து? கூடவே இருந்து எதையும் பார்க்காத என் கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொள்ள அவளும் லாரியில் சிரம்பானுக்கு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குப் பெரிய படமாக எடுத்தார்கள். டாக்டர் விசுவலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வேனில் எடுத்த சின்னப் படத்தைப் பார்த்தார். மறுபடி என் படத்தைப் பார்த்தார்.

"உமக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருமல் அடுப்புப் புகையால வாறது. வேனில எடுத்த படத்திலதான் ஏதோ பிழை. நீர் வீட்டுக்குப் போகலாம்."

எனக்கு நோய் இல்லை! பொய் சொல்வானேன், குதிக்கலாம் போலிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. டாக்டர் சின்னப் படத்தை உறையில் போட்டுத் தள்ளி வைத்தார்.

"நான்தான் சொன்னேனே, மிஷினுக்குக் கிறுக்குன்னு! வாங்க அண்ணி, ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட்டச் சாத்திடுவான்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்ற பஞ்சாலை பிள்ளையின் வாயில் முத்தம் கொடுத்தாள்.

ஒட்டுகிற நோய் அல்லவா அது! பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன்.

"பிழை இல்ல டாக்டர்! அது இவ படம். எனக்குப் பதிலா இவதான் நின்னா!"

பஞ்சாலை என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். படம் எடுக்கும் அறைக்குள் போய்ப் பலகைமேல் சாய்ந்து நின்றாள். கால் மணி நேரத்தில் ஈரம் காயாத படம் வந்தது. அதே இடம், அதே நிழல்.

"கல்யாணத்தக் கெடுத்துட்டீங்களே அண்ணி" என்றாள்.

"கல்யாணம் போனாப் போவுதுடி! நீ வேணும் எனக்கு!" என்று அழுதேன்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இவவை இண்டைக்கே வார்டில சேர்க்க வேணும். சுகப்படுத்தலாம். ஆனால் ஆள் மாறாட்டத்தை நான் பொலிசுக்கு எழுதாமல் விட ஏலாது. ஆர் செய்த வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சாலை முன்னால் வந்தாள்.

"நான்தான் ஐயா. கார்டத் திருடிட்டுப் போயி நின்னேன். அப்ப எங்கண்ணிக்கு ஒண்ணும் தெரியாது, பெறகுதான் சொன்னேன்."

"அடியே!"

"சும்மா இருங்க அண்ணி" என்று என் காதோரம் குனிந்து முணுமுணுத்தாள். "நீங்களும் உள்ள போனா இந்தப் புள்ளைக்குப் பால் யாரு குடுக்கறது? எனக்குச் சோறு யாரு கொண்டாறது?"

டாக்டர் என்னையே பார்த்தார். "உண்மைதானா?"

பிள்ளை பசியில் என் மார்பை முட்டிக்கொண்டிருந்தான்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.