ஐந்து பக்கத்தில் கர்மம்

1

இந்தக் கதை போதிமரத்தடியில் பிறக்கவில்லை. ஒரு தபால் கார்டில் பிறந்தது. 'புத்த ஜயந்தி மலருக்குக் கதை வேண்டும். பொருள்: அன்றாட வாழ்வில் பௌத்தரின் கர்மக் கொள்கை. ஐந்து பக்கம். காதல் இருந்தால் நல்லது' என்று எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஆண்டு என்று நாடே மே மாதம் கொண்டாடி முடித்துவிட்டது. எங்கள் மலர் ஆகஸ்டில் வருகிறது. அத்தனை வருஷம் பொறுத்த புத்தர் இன்னும் மூன்று மாதம் பொறுக்க மாட்டாரா?

பௌத்தம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை எழுதித்தான் பதினோரு வருஷமாகச் சாப்பிடுகிறேன். (துப்பறியும் தொடர் எழுதுகிறவன் கொலை செய்து பார்த்துவிட்டா எழுதுகிறான்?) இருந்தாலும் தென்காசி நூல்நிலையத்தில் ஒரு புத்தகம் எடுத்து முப்பது பக்கம் படித்தேன். கர்மம் என்றால் தலையெழுத்து இல்லையாம். மனமறிந்து செய்கிற செயலாம். தெரியாமல் எறும்பை மிதித்தால் அது வினை ஆகாது. எறும்பு என்று தெரிந்து காலை வைத்தால் ஆகும்.

இது கதைக்கு உதவாது என்று புத்தகத்தை மூடினேன். வாசகர்களுக்குப் பிடித்தது தலையெழுத்துதான்.

2

முதல் தொடக்கம்: 'மகத நாட்டு இளவரசி தன் முத்துமாலையைக் கழற்றி அந்த இளந்துறவியின் திருவோட்டில்...'

[மகதத்தில் முத்து கிடைக்குமா என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: 'குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. பெரிய அருவிக்கரையில் ஒரு மனிதர் வழுக்கி விழுந்தார்.'

இது நடந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கல் உண்டு. குளிக்க வருகிறவரை அதன்மேல் உட்கார வைத்துத் தலையிலும் முதுகிலும் எண்ணெய் வைத்து அறைவார்கள். அப்படி ஒருவர் பலவேசம். அவருடைய கல்லுக்குப் பக்கத்தில் எண்ணெய் சிந்திக் கிடந்தது. ராயகிரிப் பண்ணையார் ஒருவர் அதில் கால் வைத்து, விழுந்து, இடது கையை முறித்துக்கொண்டார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய கல்லடியில் எண்ணெயில் ஆள் விழுந்தாலும், அந்தக் கல்லுக்குரியவர் அந்த சீசன் முழுவதும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடக்கூடாது. தவறு வேறொருவருடையது என்று யாராவது எழுந்து சொன்னால்தான் விலக்கு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அருவிக்கரையில் கூடிப் பேசுவார்கள். சீசன் மூன்று மாதம். பலவேசத்தின் வீட்டில் ஆறு பேருக்கு அந்த மூன்று மாதம்தான் வருஷம்.

3

கொள்கையை விளக்க நாலு பேர் கருத்து வேண்டுமே. தென்காசியில் சத்திரத்தில் படுத்திருந்த பண்ணையாரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டியவர்.

"எல்லாம் கருமம்தான்வே," என்றார்.

"உங்கள் கர்மமா?"

"எனக்கு ஏது கருமம்? நான் யாருக்கு என்ன பண்ணினேன்? அது அந்தப் பலவேசம் கருமம். என் கை வழியா வந்திருக்கு."

பிறருடைய கர்மத்துக்குத் தம் கையையே கொடுத்த இந்தத் தியாகம் எந்த பௌத்த நூலிலும் இருக்காது. குறித்துக்கொண்டேன்.

அடுத்து, அருவிக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கும் ஒலி முகம்மது.

"எங்கள்ல நிய்யத்துன்னு சொல்லுவோம், அண்ணாச்சி. கை என்ன செஞ்சுதுன்னு பாக்கதுக்கு முந்தி, மனசுல என்ன இருந்துச்சுன்னுதான் கேள்வி," என்றார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "அது கிடக்கட்டும். எண்ணெய் எப்படிச் சிந்துச்சு? பலவேசம் கிண்ணத்தைக் கவுக்குற ஆள் இல்லையே. அன்னைக்கு நீங்களும் அங்கனதான இருந்திய?" என்றார்.

டீயில் சர்க்கரை போதவில்லை என்றேன்.

4

பலவேசம் என்கிற பாத்திரம் எனக்குச் சரிப்படவே இல்லை. தண்டனை பெறுகிறவனிடம் ஒரு குறையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள்.

'கள் மயக்கத்தில் பலவேசம் தள்ளாடியபடி...' [அவர் குடிப்பதில்லை.]

'சிந்திய எண்ணெய்மேல் சாம்பல் தூவப் பலவேசம் சோம்பல்பட்டு...' [சிந்தியதையே அவர் பார்க்கவில்லை. திரும்பி நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து...]

இந்த வாக்கியம் மூன்று நாளாக இங்கேயே நிற்கிறது.

கல்லில் உட்கார்ந்திருந்தவன் நான். எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டே எழுந்து அருவிப் பக்கம் நடந்தேன். காலில் கிண்ணம் இடறியது. [அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். பித்தளைக் கிண்ணம். கேட்டது.] யாராவது எடுத்து வைப்பார்கள் என்று போய்த் தண்ணீரில் நின்றேன். சுகமாக இருந்தது. திரும்பி வந்தபோது கூட்டம். பண்ணையார் அலறிக்கொண்டிருந்தார். என் சந்தாதாரர் என்று தெரிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

தெரியாமல் மிதித்த எறும்பைப் பற்றிய பக்கத்தை அன்று ஆறு தடவை படித்தேன். மிக அருமையான மதம். அடுத்த பக்கம், தெரிந்த பிறகு என்ன செய்தாய் என்று கேட்கிறது. அதை ஒரு தடவைதான் படித்தேன்.

5

நேற்று, சனிக்கிழமை, சொல்லிவிடுவது என்று பலவேசம் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி! அன்னைக்குப் பாதி முதுகோட எழுந்து போயிட்டிய. மீதி முதுகு கோவிச்சுக்கலையா?" என்று சிரித்தார்.

"பலவேசம், அந்த எண்ணெய்..."

"அதான் எனக்கும் விளங்கல. என் கைதான் தட்டியிருக்கும். வேற யாரு தட்டப் போறா? போன பொறப்புல எவனையோ தள்ளி விட்டிருக்கேன். அவன் இப்பக் கேக்கான்."

"நாளைக்கு என்ன சொல்லப் போறீர்?"

"நான்தான்னு சொல்லிருவேன். பாக்காம இன்னொருத்தன் பேரைச் சொல்லலாமா? என்ன சொல்லுதிய?"

நான் தலையாட்டினேன்.

கிண்ணத்தை உதைத்தது என் கால். தலையாட்டியது நான். ஆசிரியர் கேட்ட கொள்கை முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. மீதிப் பக்கங்களை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடலாம்.

6

இன்று காலை என் மனைவி ரத்தினம் இதுவரை எழுதியதைப் படித்தாள்.

"காதலு எங்க?"

"இல்லை."

"முடிவு?"

இரண்டு வைத்திருந்தேன். (அ) எழுத்தாளன் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறான். பலவேசம் கட்டித் தழுவுகிறார். சாரல் பெய்கிறது. (ஆ) பண்ணையார் கனவில் புத்தர் தோன்றுகிறார். பண்ணையார் மனமிரங்கிப் பலவேசத்தை விட்டுவிடச் சொல்கிறார்.

"ரெண்டுலயும் நீங்க நல்லவராத்தான் இருக்கிய," என்றாள் ரத்தினம். "ரெண்டாவதுல வீட்டை விட்டு எறங்காமலே நல்லவரா இருக்கிய."

"அதுதான் நாலாம் பகுதியில் ஒப்புக்கொண்டுவிட்டேனே. பத்தாயிரம் பேர் படிக்கிற பத்திரிகை."

"படிக்கட்டும். அதுல அருவிக்கரையில எண்ணெய் தேய்க்கவங்க எத்தனை பேரு? அதுவும் ஆகஸ்டு மாசம்!"

பதினோரு வருஷமாக என் பாத்திரங்கள் எல்லோருக்கும் அந்தந்த நேரத்தில் பதில் தோன்றியிருக்கிறது.

"ஒம்பதரைக்குக் குத்தாலத்துக்கு ஒரு பஸ்ஸு இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

7

மணி ஒன்பது இருபது.

நான் போனேன் என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். அதை நீங்கள் நம்பிவிடுவீர்கள், நானும் நம்பிவிடுவேன். அதனால் எழுதவில்லை. பேனாவை மூடுகிறேன்.

மலர் உங்கள் கைக்கு வரும்போதும் சீசன் இருக்கும். குற்றாலத்துக்கு வாருங்கள். பெரிய அருவிக்கு இறங்கினால் இடது பக்கம் மூன்றாவது கல். அங்கே பலவேசம் நின்றால் உங்கள் முதுகைக் கொடுங்கள். நன்றாக அறைவார். வேறு யாராவது நின்றால், கதை பிடித்திருந்தது என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள்.