ஒரு ஸ்பிளிட் பின்

அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று தங்கையின் கணவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, பட்டறைக்காரர் கீழே படுத்துப் பார்த்தார். பாரம் ஏற்றும் பெரிய பிக்கப் வண்டிகளுக்கு வழக்கமாக வருகிற கோளாறுதான். முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டின் முனை தேய்ந்து ஆடியது. புது முனையை மாட்டி, நட்டை முறுக்கி, ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார்.

"வழுக்கிட்டுப் போகுது மாப்பிள்ளை" என்று சாவியைக் கொடுத்தார்.

பதினோராம் நாள், சிமெண்டு மூட்டைகளோடு போன அந்த வண்டி, வளைவே இல்லாத சாலையில் இடதுபக்கம் ஒதுங்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. மாப்பிள்ளைக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்த தங்கைக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

நேரான சாலை. பிரேக் பிடித்த தடமும் இல்லை. கண் அசந்துவிட்டார் என்றார்கள் எல்லோரும். விடியுமுன் எழுந்து மூட்டை ஏற்றியவர்தானே! கேட்டுக் கேட்டு அவரும் நம்பிவிட்டார். விசாரிக்க வந்த போலீஸாரிடமும் அப்படியே சொன்னார். அதன்பின் வண்டி ஓட்டவே இல்லை. பகலில் நாற்காலியில் சாயக்கூட மாட்டார். கண் சொருகினால் எழுந்து நின்றுகொள்வார்.

ஒன்றரை மாதம் கழித்து, பட்டறைக்கு இழுத்து வந்து போட்டிருந்த நசுங்கிய வண்டியில் உதவக்கூடிய சாமான்களைக் கழற்றப் பட்டறைக்காரர் உட்கார்ந்தார். தான் மாட்டிய முனை தனியாகத் தொங்கியது. நட்டைக் காணோம். மரை சிதையவில்லை. நட்டு கழன்றுவிடாமல் முனையில் உள்ள துளையில் ஸ்பிளிட் பின் என்கிற மடித்த கம்பியைச் செருகி வளைத்துவிட வேண்டும். பின் உடைந்திருந்தால் துண்டாவது சிக்கியிருக்கும். துளை சுத்தமாக இருந்தது, உள்ளே கிரீஸ் மட்டும். பின் போடவே இல்லை.

முன்பக்கம் முழுக்க நசுங்கிக் கிடந்ததால் வேறு யாரும் இதைப் பார்த்திருக்க வழியில்லை. பழைய இரும்புக்குப் போட்டால் அதோடு போயிற்று. அந்த நினைப்பும் வந்தது. கை துடைத்துக்கொண்டு, மத்தியானமே தங்கை வீட்டுக்குப் போனார்.

தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவளுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நீங்க தூங்கல."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"நட்டுக்குப் பின் போட மறந்துட்டேன். அது கழண்டுதான் ஸ்டீயரிங் விட்டுப்போச்சு. தப்பு என்னோடது."

மாப்பிள்ளை மாத்திரையைக் கட்டிலில் வைத்தார்.

"சுத்துச்சு மச்சான். எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுத்துச்சு. பிரேக்குக்குக் கால் போறதுக்குள்ள சுவர் வந்துடுச்சு. தூக்கத்துல கண்ட கனவுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"இல்ல. முழிச்சுத்தான் இருந்தீங்க."

மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். தங்கை அவர் முதுகில் கை வைத்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

"தூங்குமூஞ்சின்னு எத்தனை தடவை இவரைக் குத்திக் காட்டியிருக்கேன் தெரியுமா?" என்றாள் சுவரைப் பார்த்து. "இப்ப கிளம்புண்ணே. ஏதாவது சொல்லிடப் போறேன்."

அவர் கிளம்பினார். மறுநாள் மாப்பிள்ளையோடு போய், விசாரித்தவர்களிடமும் அதையே எழுதிக் கொடுத்தார். பேர் கெட்டது, பாதி வண்டிகள் வேறு இடம் போயின.

வாரம் ஒரு தடவை தங்கையை மருத்துவமனைக்கு அவர்தான் தன் காரில் கூட்டிப்போகிறார். அவள் வருகிறாள், பின்சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல். மாப்பிள்ளை போன மாதம் வாடகைக்கு ஒரு பிக்கப் எடுத்து மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார். பழுது பார்க்க அதை வேறு பட்டறைக்குத்தான் கொண்டுபோகிறார். தெருவில் மச்சான் எதிரே வந்தால் ஹார்ன் மட்டும் ஒரு தடவை அடிக்கிறார்.