பத்தில் ஏழு பேர்

அந்தப் பலகையில் கௌசிகா எழுதிய வசனம் பொய். எழுதும்போதே அவளுக்கு அது தெரியும். கெட்ட எண்ணத்தோடு எழுதினாள் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல காரியத்தை அவசரமாக முடிக்க நினைப்பவர்கள் செய்கிற வேலைதான் அது.

திருகோணமலை உள்துறைமுக வீதியில் மீனவர்கள் சிலர் கூடி நடத்திய மீன்கடை அது. கடலில் வெடி போட்டுப் பிடித்த மீனும் அங்கே வந்துகொண்டிருந்தது. பார்வைக்கு நல்ல பாரையாக இருக்கும். வெட்டினால் முள் நொறுங்கி, வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும். ஒரு வெடிக்குப் பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும் சேர்ந்தே அழியும். இதை நிறுத்த வேண்டுமானால் வாங்குகிறவர்களை மாற்ற வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் திட்டம் போட்டு, கௌசிகாவைப் பொறுப்பாக அனுப்பியது. முறையாகப் பிடித்த மீனின் தட்டில் பச்சை அட்டை வைப்பது என்று முடிவாயிற்று. ஆறு வாரம் அவள் துண்டுப்பிரசுரம் கொடுத்தாள், கடல் அழிகிற படம் ஒட்டினாள். சனம் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, வழக்கமான மீனையே வாங்கிக்கொண்டு போயிற்று.

கொழும்பில் நடந்த பயிற்சியில் கேட்ட ஒரு விஷயம் அவள் மனதில் பதிந்திருந்தது. மனிதருக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று காட்டினால் போதும், தாமும் அதையே செய்வார்கள். அதை நினைத்துத்தான் பலகையை எடுத்தாள். 'இங்கே வாங்கும் பத்துப் பேரில் ஏழு பேர் பச்சை அட்டை மீனையே தெரிவு செய்கிறார்கள்' என்று சுண்ணக்கட்டியால் அழகாக எழுதினாள். அன்று அவள் எண்ணிப் பார்த்ததில் பத்துக்கு இரண்டு பேர்தான். உள்ள எண்ணையே காட்ட வேண்டும் என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு என்று எழுதினால் மற்ற எட்டுப் பேருக்கல்லவா துணிவு வரும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பலகை வேலை செய்தது. முதல் வாரமே நாலு பேர், பிறகு ஐந்து, இரண்டாம் மாதத்தில் உண்மையாகவே ஏழு. வெடி மீன் கொண்டுவந்த இரண்டு வள்ளக்காரர், வாங்க ஆளில்லாமல் மறுபடி வலையைக் கையில் எடுத்தார்கள். கடையைப் பார்த்துக்கொண்ட ஜெமீல், இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மாற்றத்தைக் கண்டதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பொய் தன்பாட்டில் உண்மையாகிவிட்டது, இனி யாருக்கு என்ன நட்டம் என்று கௌசிகாவும் நிம்மதியாக இருந்தாள்.

நட்டம் குறிஞ்சாக்கேணி ஸல்ஹாவுக்கு.

ஸல்ஹா மட்டி விற்பவள். கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பில் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து இடுப்பளவு சேற்றில் இறங்கி, காலால் தடவி, கையால் பொறுக்குவாள். அவித்து, ஓட்டைக் கழித்து, சதையை மட்டும் அகன்ற பேசின் பாத்திரத்தில் போட்டுக் காலை பஸ்ஸில் கொண்டுவருவாள். புருஷன் விட்டுப்போய் ஆறு வருடம். இரண்டு பிள்ளைகளும் அந்தப் பேசினில்தான் வளர்ந்தார்கள். கடலுக்கும் களப்புக்கும் தீங்கில்லாமல் அந்தக் கடைக்கு வந்த பண்டம் எது என்று கேட்டால், முதலில் அவளுடைய மட்டியைத்தான் காட்ட வேண்டும்.

ஆனால் பச்சை அட்டைக்கு ஒரு படிவம் இருந்தது. வள்ளத்தின் பதிவு இலக்கம் என்ன என்று கேட்டது. அவளிடம் வள்ளம் இல்லை. வலைக் கண்ணின் அளவு என்ன என்று கேட்டது. அவளிடம் வலையும் இல்லை. இரண்டு இடத்தையும் வெறுமையாக விட்டுக் கொடுத்த படிவத்தை, முழுமையில்லை என்று கௌசிகா ஒதுக்கி வைத்தாள். ஸல்ஹா இரண்டு தரம் வந்து கேட்டாள். அடுத்த முறை படிவத்தைத் திருத்தும்போது பார்ப்போம் என்று இரண்டு தரமும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினாள். சேற்றில் இறங்குகிற பெண் ஒருத்தி இருப்பாள் என்று அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அதை எழுதியவர்களில் கௌசிகாவும் ஒருத்தி.

அட்டை இல்லாத தட்டு என்றால் களவாக வெடி போட்டுப் பிடித்தது என்று சனம் பழகிவிட்டது. சேற்றுக்குள் கிடக்கிற மட்டிக்கு எந்த மடையன் வெடி போடுவான் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் இராசையா பதினைந்து வருடமாக அவளிடம் மட்டி வாங்கியவர். அவரும் ஒருநாள் பலகையைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், இறால் தட்டுப் பக்கம் நகர்ந்துபோனார். முப்பது பேர் வாங்கிய இடத்தில் மூன்று பேர் ஆனார்கள். பிறகு ஸல்ஹா வருவதே நின்றுபோயிற்று.

அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகப் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு செவ்வாய்க்கிழமை ஜெமீல்தான் சொன்னார். காரணம் என்ன என்று கௌசிகா யாரிடமும் கேட்கவில்லை. கையால் எடுக்கும் மட்டிக்கு வள்ளமும் வலையும் தேவையில்லை என்று படிவத்தில் குறித்துவிட்டு, பச்சை அட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஸல்ஹாவின் ஊர்ப் பக்கம் போகும் அடுத்த கிண்ணியா பஸ்ஸில் ஏறினாள்.

ஸல்ஹா வீட்டு முற்றத்தில் இருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்குப் போதுமான அளவுக்குப் பெரிய சட்டைகள். கதிரை கொண்டுவந்து போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். படிவத்தைத் திருத்தியாயிற்று, இனி மட்டிக்கும் அட்டை உண்டு என்று சொல்லிக் கௌசிகா அதை நீட்டினாள். ஸல்ஹா கை நீட்டவில்லை.

"அந்த ஏழு பேர நீங்க எண்ணித்தானா எழுதின, மிஸ்?"

கௌசிகா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ பேர் அந்தப் பலகையைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

"இல்லை அக்கா. அண்டைக்கு ரெண்டு பேர்தான் வாங்கினவை. நான் பொய் எழுதினனான்."

ஸல்ஹா ஒரு பொத்தானைத் தைத்து முடித்து நூலை அறுத்தாள்.

"இந்த அட்டைய இப்ப கொண்டுபோய் வெச்சா, இவ திருந்திட்டா எண்டுதான் சனம் நினைக்கும். நான் என்ன பிழை செஞ்ச, திருந்துறதுக்கு? பிழை ஆருட எண்டு எழுதுங்க மிஸ். அதே பலகையில."

பிறகு பயணத்தைப் பற்றிச் சொன்னாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விமானம். அதற்குள் பழையபடி விற்றால் அவள் போகமாட்டாள். பிள்ளைகளை மதினி ரிப்காவிடம் விட்டுவிட்டுப் போக அவளுக்கு என்ன ஆசையா? கௌசிகா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எழுதுகிறேன் என்றாள்.

ஜெமீலுக்கு இது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பச்சை அட்டையையும் சனம் நம்பாது, வெடி மீன் திரும்பி வரும், ஒரு ஆளுக்காகக் கடலை விடுவதா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தும் புதன்கிழமை காலை கௌசிகா பழைய வசனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுதினாள்:

'பத்தில் ஏழு பேர் என்று இங்கே எழுதியிருந்தது பொய். எழுதிய நாளில் வாங்கியவர்கள் இரண்டு பேர். மட்டிக்கு அட்டை கொடுக்காதது எங்கள் பிழை. அது களப்பில் கையால் எடுத்த மட்டி. எழுதியவள் கௌசிகா.'

அதன் கீழே அந்தந்த நாளின் உண்மையான எண்ணிக்கையை எழுதி வந்தாள். சிலர் வாசித்துச் சிரித்தார்கள். அப்படியென்றால் அட்டையும் பொய்தானே என்று ஒரு அம்மா சத்தம் போட்டுவிட்டு வெறும் கையோடு போனார். ஏழு ஐந்தாக இறங்கியது. ஒருநாள் வெடி மீன் ஒரு பெட்டி வந்து, விற்றும் போயிற்று. ஜெமீல் அன்று முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமையே ஸல்ஹா பேசினோடு வந்தாள். பலகை முன்னால் நின்று எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு தன் இடத்தில் போய் நின்றாள். அன்று நாலு பேர் வாங்கினார்கள். அடுத்த நாள் ஆறு பேர்.

ஞாயிற்றுக்கிழமை ஜெமீலே ஒரு வழி சொன்னார். எங்கள் ஆட்கள் பத்துப் பேரை முதலில் வாங்க விடுவோம், பேசின் பாதி குறைந்திருந்தால் மற்றவர்களும் தானாக வாங்குவார்கள் என்றார். அது நடக்கும் என்று கௌசிகாவுக்கு நன்றாகத் தெரியும்; அவள் படித்ததே அதைத்தான். இரண்டே நாளில் முப்பது பேரும் திரும்பி வந்திருப்பார்கள். ஆனாலும் வேண்டாம் என்றாள். அது சரிதானா என்று இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை.

திங்கள் எட்டு, செவ்வாய் பதினொன்று, புதன் பதின்மூன்று. வியாழக்கிழமை பதினைந்து பேர் வாங்கினார்கள். மீந்த மட்டியைப் பையில் கட்டிவிட்டு ஸல்ஹா அவளிடம் வந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரி எழுதினீங்க மிஸ். அதுக்கு உங்களுக்கு நன்மை கிடைக்கட்டும். ஆனா பதினஞ்சு பேர வெச்சு ரெண்டு புள்ளையள வளக்க ஏலா."

இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது கௌசிகாவுக்கு. அந்த ஒரு வாரத்துக்கு உத்தரவாதம் கொடுக்க அவளிடம் இன்னொரு எண் இல்லை. ஸல்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை பேசினைக் கொண்டுவந்தது ரிப்கா. முதல்நாள் பின்னேரம் ஸல்ஹா எடுத்து அவித்து வைத்துவிட்டுப் போன மட்டி. ஏன் என்று தெரியாது, அன்று சனம் வந்தது. பலகையை வாசித்துவிட்டுப் போனவர்கள் வீட்டில் சொல்லியிருக்கலாம், ஒருவர் வாங்குவதைப் பார்த்து இன்னொருவர் வாங்கியிருக்கலாம். பத்து மணிக்குள் பேசின் வெறுமையாயிற்று. கௌசிகா நின்று எண்ணினாள். முப்பத்தொரு பேர்.

கடைசியாக வந்தவர் இராசையா. மட்டி முடிந்துவிட்டது என்றதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பிழை தன்னுடையதுதான் என்றும், நாளைக்கு அரைக் கிலோ எடுத்து வைக்கும்படியும் ரிப்காவிடம் சொன்னார்.

"நாளைக்கு மட்டி வராது ஐயா," என்றாள் ரிப்கா. "மதினி விடியவே போயிட்டா. எனக்குச் சேத்துக்குள்ள இறங்கத் தெரியா."

முப்பத்தொன்று என்று கௌசிகா பலகையில் எழுதினாள். சரியாக எண்ணிய எண். எழுதி முடித்துச் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, கடைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, வாய்விட்டு அழுதாள்.